மாட்டும், ஆனால் பொருந்துமா? பிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் பாடி வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எம் மவுண்ட் (லைக்கா எம் கேமராக்களின் லென்ஸ் பொருத்தும் வாய்) லென்ஸ் கையில் இருக்கிறது, எந்த எம் மவுண்ட் பாடி கிடைத்தாலும் சரிதான்" என்ற நினைப்பில்தான் பாதிப் பணம் வீணாகிறது. மவுண்ட் ஒன்றாக இருந்தால் லென்ஸ் மாட்டும், அவ்வளவுதான். எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது தனி ஜன்னல் வழியாக; இரண்டு ஜன்னல்களில் தெரியும் உருவங்களை ஒன்றாக்கித்தான் ஃபோகஸ் செய்கிறோம். எவ்வளவு அகலம் தெரியும், ஃபோகஸ் எவ்வளவு துல்லியமாக விழும் என்ற இரண்டும் பாடியைப் பொறுத்தவை. ஆகவே அதிகம் பயன்படுத்தப்போகும் லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள். பாடியைப் பிறகு தேடலாம்.

பெரும்பாலானோர் பார்க்கத் தவறுவது அடித்தூரம். ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் கணக்கில் சேரும் அடித்தூரம். லைக்கா எம்3-க்கு இது சுமார் 62 மி.மீ. எம்2, எம்4, 0.72 மடங்கு எம்6 ஆகியவற்றுக்குச் சுமார் 50. சைஸ் ஐகானுக்கு 75 பெருக்கல் 0.74, அதாவது 55.5. கோனிகா ஹெக்சார் ஆர்எஃப்புக்கு 41, மினோல்டா சிஎல்இ-க்கு 29, பெஸ்ஸா ஆர்2ஏ-க்கு 26. லைக்கா சிஎல், பெஸ்ஸா ஆர்4 இரண்டுக்கும் வெறும் 19.

லென்ஸுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. குவியத்தூரத்தை (லென்ஸின் 35, 50 போன்ற மி.மீ. எண்) அதாலேயே பெருக்கி, அப்பர்ச்சர் எண்ணால் (எஃப் 1.4, எஃப் 2 என்று வருவது) வகுத்து, மீண்டும் 100-ஆல் வகுத்தால் தேவையான மி.மீ. கிடைக்கும். கண் ஒரு ஆர்க்நிமிட (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) வித்தியாசத்தைப் பிடிக்கும், 0.03 மி.மீ. மங்கல் பொறுக்கலாம் என்ற அனுமானத்தில் வரும் குறைந்தபட்ச அளவு இது. 35 மி.மீ. எஃப் 1.4-க்கு 9 போதும், எந்த பாடியும் சமாளிக்கும். 50 எஃப் 1.4-க்கு 18. 90 எஃப் 4-க்கு 20. சிஎல்லுக்காகவே வந்த 90 மி.மீ. லென்ஸ் ஏன் எஃப் 4-ஓடு நின்றது என்பது இதிலேயே தெரிகிறது. 90 எஃப் 2-க்கு 40 வேண்டும், 135 எஃப் 4-க்கு 46. கவனிக்க வேண்டியது 75 எஃப் 1.4: பார்க்க மிதமான டெலிதான், ஆனால் அதற்கும் 40 தேவை. அதை பெஸ்ஸா ஆர்2ஏ-வில் போட்டு முழு அப்பர்ச்சரில் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுவது நியாயமில்லை. லைக்காவின் 1.25 மடங்கு உருப்பெருக்கியை 0.72 பாடியின் வியூஃபைண்டரில் திருகினால் 50 என்பது 62 ஆகிவிடும். டெலி எப்போதாவதுதான் என்றால் இன்னொரு பாடி வாங்குவதைவிட இது மலிவு.

அடித்தூரம் பெரிதாக இருப்பதே நல்லது என்று எம்3 பக்கம் ஓடுவதும் தவறுதான். ஒவ்வொரு லென்ஸும் எவ்வளவு அகலம் எடுக்கும் என்பதை வியூஃபைண்டருக்குள் சட்டக் கோடுகள் காட்டும்; எம்3-ல் 50, 90, 135 கோடுகள் மட்டுமே உண்டு. 35 போடுபவர் தனி வியூஃபைண்டரை மேலே செருக வேண்டும், இல்லையென்றால் எம்3-க்கென்றே 'கண்ணாடி' பொருத்தி வந்த 35 லென்ஸைத் தேட வேண்டும். 28 கோடு வேண்டுமென்றால் லைக்காவில் எம்4-பி முதல் பாருங்கள். 0.85 மடங்கு எம்6 டிடிஎல்லில் 28 கிடையாது, 0.58-ல் 135 கிடையாது. பெஸ்ஸா ஆர்4-ல் 21 முதல் 50 வரை எல்லாம் இருக்கும், 75-ம் 90-ம் இருக்காது. ஆர்3ஏ-வில் 40 இருக்கும், 35 இருக்காது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் விவரப்பட்டியலை நம்ப வேண்டாம்: 0.72-ல் 28 கோடு பட்டியலில் இருந்தாலும் கண்ணாடியோடு முழுதாகத் தெரியாது.

40 மி.மீ. லென்ஸ் தனித் தலைவலி. லைக்கா எம் பாடியில் அது 50 கோட்டையே கொண்டுவரும், படத்தில் நான்கு பக்கமும் கூடுதலாக விழும். 35 கோடு வரட்டும் என்று மவுண்ட் நாக்கை (எந்தக் கோடு வரும் என்று முடிவு செய்யும் லென்ஸின் முனை) அரம் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்த உலோகம் திரும்ப வராது.

திருகு மவுண்ட் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வசதி அதிகம். அதன் ஃபிளாஞ்ச் தூரம் (மவுண்டிலிருந்து பிலிம் வரை) 28.8 மி.மீ., எம் மவுண்டுக்கு 27.8. இடையில் உள்ள 1 மி.மீ.தான் அடாப்டரின் தடிமன். ஆனால் எந்தக் கோடுகளை வரவைக்கும் என்பதைப் பொறுத்து அடாப்டர் 28/90, 35/135, 50/75 என மூன்று வகை. 35 லென்ஸுக்குத் தவறான வகையை வாங்கினால் ஃபோகஸ் சரியாக இருக்கும், கோடு மட்டும் வேறொன்று வரும். எதிர்த்திசையில் வழியே இல்லை: கேனன் 7 போன்ற திருகு பாடியில் எம் லென்ஸ் போட முடியாது.

சோவியத் லென்ஸ்களின் திருகும் அதே 39 மி.மீ.தான், ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையும் உள்கணக்கு வேறு. ஜூபிடர்-9 போன்ற 85 எஃப் 2 லைக்காவில் முடிவிலியில் சரியாக இருக்கும், கிட்டத்தில் முழு அப்பர்ச்சரில் தவறும். சோர்க்கி, ஃபெட் பாடிகள்தான் அதற்கு வீடு.

லென்ஸின் பின்பக்கத்தையும் பாருங்கள். எம்5, சிஎல் இரண்டிலும் ஒளி அளக்கும் செல் ஒரு கரத்தில் ஷட்டருக்கு முன்னால் நிற்கும். மடங்கும் எல்மார் லென்ஸை அதில் உள்ளே தள்ளினால் கரத்தில் இடிக்கும். பின்கண்ணாடி ஆழமாக நீளும் பழைய 21 மி.மீ. சூப்பர் ஆங்குலான் லென்ஸும் அப்படியே.

வேகமான லென்ஸுக்காக பாடி வாங்குபவர்கள் ஷட்டரைக் கேட்பதே இல்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமோடு 1/1000 நொடியில் எஃப் 5.6-க்குக் கீழே போக முடியாது. ஹெக்சாரின் 1/4000 இருந்தால் எஃப் 2.8 வரை இறங்கலாம்.

பழைய பாடி என்றால் லென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். முடிவிலியில் நிறுத்தித் தொலைவிலுள்ள கோபுரத்தையோ டவரையோ பார்த்தால் இரட்டை உருவம் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் சேர்ந்து மேலும் கீழுமாகப் பிரிந்து நின்றால் அது தனிச் சரிசெய்தல், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு 1 மீட்டரில் ஒரு அளவுகோலைச் சாய்த்து வைத்து, பின்மூடியைத் திறந்து, பி-யில் (அழுத்தும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) ஷட்டரைப் பிடித்து, மங்கலாகத் தேய்த்த கண்ணாடித் துண்டைப் பிலிம் தடத்தில் படியும்படி வைத்து முழு அப்பர்ச்சரில் பாருங்கள். ஃபோகஸ் வைத்த எண்ணே கூர்மையாகத் தெரிய வேண்டும். எம்6-ஐ மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சில கோணங்களில் இரட்டை உருவம் வெளிறி மறைவது அதன் பிறவிக்குணம், 2003-ல் வந்த எம்பி-யில்தான் அதைச் சரிசெய்தார்கள்.