ஆங்கிலக் காலங்கள்: அந்த ‘ஹேட்’டை (had) முதலில் எடுங்கள்

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மெர்ச்சண்டைசராக (ஆர்டர் கொடுப்பவர்களோடு பேசி வேலையை முடித்துக்கொடுப்பவர்) வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்தான். ஒவ்வொரு புதுக் குழுவும் நாங்கள் அன்றைக்கு விழுந்த அதே குழியைத் தேடி வந்து விழுகிறது. ‘டிட் வென்ட்’, ‘ஹீ கோ’ வகையறாவை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எழுத எழுதப் போய்விடும், போகாவிட்டாலும் எதிராளிக்குப் புரிந்துவிடும். வேறு மாதிரி புரிந்துகொள்ளப்படுகிற தவறுகள்தான் ஆபத்து.

தேவையில்லாத ஹேட்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். துணிக்குச் சாயம் போட்டு முடிந்துவிட்டது என்று ஆர்டர் கொடுத்த பையருக்குச் சொல்ல வேண்டும். மெயில் இப்படிப் போகிறது: ‘வீ ஹேட் கம்ப்ளீட்டட் தி டையிங் லாஸ்ட் வீக்.’ வாக்கிய அமைப்பில் பிழை இல்லை. கம்ப்யூட்டர்கூட அடியில் கோடு போடாது. ஆனால் படிக்கிறவருக்குக் கதை பாதியில் நிற்கிறது. போன வாரம் முடித்திருந்தீர்கள், சரி, அப்புறம் என்ன ஆச்சு? ஷேடு ஒத்துவரவில்லையா? மறுபடி போடுகிறீர்களா?

என்னிடம் படித்த ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் எழுதினாள். மறுநாள் காலை பையரிடமிருந்து பதில்: ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போகுமா? மேனேஜருக்கும் ஒரு காப்பி. துணியோ அப்போது கட்டிங் டேபிளுக்கே வந்துவிட்டது. அன்று முழுக்க உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். அந்த விளக்கத்திலும் வரிக்கு வரி ஹேட்.

ஆங்கிலம் தெரியாததால் மட்டும் வருகிற தவறு இல்லை இது. நமக்குத் தமிழ் நன்றாகத் தெரிவதாலும் வருகிறது. ‘நேத்து ஒரு மெயில் அனுப்பியிருந்தேன், பார்த்தீங்களா சார்?’ என்றுதான் போனில் கேட்போம். வெறுமனே ‘அனுப்பினேன்’ என்றால் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். அந்த ‘இருந்தேன்’ பணிவைக் காட்டுகிறது, இன்னும் பதில் வரவில்லை என்று நாசூக்காக ஞாபகமும் படுத்துகிறது. பள்ளிக்கூடத்திலோ ‘அனுப்பியிருந்தேன் என்றால் ஹேட் சென்ட்’ என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டோம். ஆகவே கை தானாக ‘ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் எஸ்டர்டே’ என்று எழுதுகிறது.

ஆங்கிலத்து ஹேட்டில் அந்தப் பணிவெல்லாம் கிடையாது. நடந்து முடிந்த ஒன்றைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. ‘வென் யுவர் மெயில் கேம், வீ ஹேட் ஆல்ரெடி கட் தி ஃபேப்ரிக்.’ மெயில் வந்தது ஒன்று, அதற்கு முன்பே துணியை வெட்டியது இன்னொன்று. இங்கே ஹேட் இல்லாவிட்டால் மெயிலைப் பார்த்த பிறகு வெட்டினீர்களா என்ற சண்டை வரும், நஷ்டம் யார் தலையில் என்பதே அதை வைத்து முடிவாகலாம். அதே விஷயத்தை ‘பிஃபோர்’ போட்டு எழுதினால் எது முன், எது பின் என்பதை அந்த வார்த்தையே சொல்லிவிடும். அப்போது ஹேட் இல்லாமலும் ஓடும்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். ஹேட் எழுதினால் உடனே ‘எதற்கு முன்னால்?’ என்று கேளுங்கள். பதில் அதே வாக்கியத்திலோ பக்கத்து வாக்கியத்திலோ இருந்தால் ஹேட் இருக்கட்டும். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ‘வீ கம்ப்ளீட்டட் தி டையிங் லாஸ்ட் வீக்’, ‘ஐ சென்ட் யூ எ மெயில் எஸ்டர்டே’, அவ்வளவுதான். மரியாதை வேண்டுமென்றால் ‘ப்ளீஸ்’ இருக்கிறது.

சின்ஸ், ஃபார்

‘2019லிருந்து வேலை பார்க்கிறேன்’ என்பதற்குத் தமிழில் நிகழ்காலமே போதும். அதை அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ என்கிறோம். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று வர வேண்டும். இதில் தப்பிக்க நினைத்து இன்டர்வியூவில் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்கிறவர் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார். அடுத்த கேள்வி, ஏன் விட்டீர்கள் என்பது.

வென் பக்கத்தில் வில்

‘வென் வீ வில் ரிசீவ் தி பட்டன்ஸ், வீ வில் ஸ்டார்ட்.’ முதல் வில்லை எடுங்கள். இஃப் வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஹேவிங்

சாப்பாட்டுக்கு ஹேவிங்: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்.’ அண்ணன் தம்பிக்கு ஹேவ்: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ இல்லை, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.’

ஹேவ் கூடவே எஸ்டர்டே

‘வீ ஹேவ் ஷிப்ட் தி கூட்ஸ் எஸ்டர்டே.’ எஸ்டர்டே, லாஸ்ட் வீக், ஒரு தேதி என்று முடிந்துபோன நேரம் எது வந்தாலும் ஹேவ் கிளம்பிவிட வேண்டும்: ‘வீ ஷிப்ட் தி கூட்ஸ் எஸ்டர்டே.’ நேரத்தைச் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்பது மட்டும் போதுமென்றால் ‘வீ ஹேவ் ஷிப்ட் தி கூட்ஸ்.’ ஆல்ரெடி, ஜஸ்ட், யெட் வரும்போது பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ஹேவ் போடுவார்கள். அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஷிப் இட் ஆல்ரெடி?’ என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அமெரிக்க பையர் அப்படி எழுதினால் தப்பு என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். ஒரு பையன் அதையும் செய்தான்.