மாற்கு நற்செய்தியைப் படிக்கிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பெரிய வெள்ளியன்று பல சபைகளில் இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரசங்கம் செய்வார்கள். அந்த ஏழும் ஒரே நற்செய்தியில் இல்லை. லூக்காவில் மூன்று, யோவானில் வேறு மூன்று. மத்தேயுவிலும் மாற்கிலும் ஒன்றே ஒன்று: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

ஆராதனையில் ஏழையும் சேர்த்துத் தியானிப்பதில் ஒரு குறையும் இல்லை. மாற்கு எதற்காக எழுதினார் என்று பார்க்க உட்காரும்போதும் அந்த ஏழையும் மனதில் வைத்துக்கொண்டால்தான் சிக்கல். அவர் காட்டும் சிலுவையடியில் தாயை ஒப்படைக்கும் காட்சி கிடையாது. மனந்திரும்பும் கள்ளன் கிடையாது. கூட அறையப்பட்ட இருவருமே இகழ்கிறார்கள் (15:32). ஒரு கதறல், அப்புறம் மரணம். அந்தச் சாவைப் பார்த்துத்தான் ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி, "மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்" என்கிறான். அதுவரை வானத்துக் குரலும் பிசாசுகளும் சொன்னதை இந்த நூலில் முதன்முதலாக அறிக்கையிடும் மனிதன், கொன்றவர்கள் பக்கம் நின்றவன். நூல் முழுக்க இந்த இடத்தை நோக்கித்தான் வருகிறது. மற்ற மூவரின் காட்சிகளையும் உள்ளே கொண்டுவந்து நிரப்பினால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

இப்படி நான்கு நற்செய்திகளையும் கலப்பதைத்தான் எல்லாத் தவறுகளிலும் பெரியது என்பேன். கலக்கிறோம் என்பதே பல நேரம் நமக்குத் தெரியாது. "ஐசுவரியமுள்ள வாலிபத் தலைவன்" என்கிறோமே, அவன் எந்த நற்செய்தியிலும் முழுசாக இல்லை. வாலிபன் என்றது மத்தேயு, தலைவன் என்றது லூக்கா. மாற்கில் அவன் வெறும் "ஒருவன்", ஓடி வந்து முழங்காற்படியிடுகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்ற வரி மாற்கில் மட்டுமே உண்டு. நாம் வாலிபனைத் தேடுவதில் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கடல்மேல் நடந்த சம்பவமும் இதேபோலத்தான். மத்தேயுவில் படகில் இருந்தவர்கள் பணிந்து "நீர் தேவனுடைய குமாரன்" என்கிறார்கள். மாற்கிலோ அவர்கள் திகைத்துப்போகிறார்கள். சற்று முன் ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த அப்பங்களைப் பற்றி அவர்கள் உணரவில்லை, இருதயம் கடினமாக இருந்தது என்று முடிக்கிறார் (6:52). சீடர்கள் புரிந்துகொள்ளாமல் தடுமாறுவது அவருக்கு முக்கியமான விஷயம். மத்தேயுவின் முடிவைக் கடன் வாங்கி அவர்களைக் காப்பாற்றிவிடக் கூடாது.

சரி, நோக்கம் என்ன என்று ஒரே வசனத்தில் கேட்பவர்கள் உண்டு. லூக்கா முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார், யோவான் 20:31-இல் சொல்கிறார். மாற்கு அப்படி எங்கும் சொல்வதில்லை. மனுஷகுமாரன் ஊழியம் செய்யவும் அநேகரை மீட்கத் தம் ஜீவனைக் கொடுக்கவும் வந்தார் என்னும் 10:45-ஐ எடுத்து "இதுதான் திறவுகோல் வசனம்" என்று அடிக்கோடிட்டு முடித்துக்கொள்வது எளிது. அது முக்கியமான வசனம்தான். ஆனாலும் நோக்கத்தை அவர் கதையின் அடுக்கில்தான் வைத்திருக்கிறார். பதினாறு அதிகாரங்களில் ஆறு, எருசலேமில் கழிந்த கடைசி நாட்களுக்கே போய்விடுகின்றன. பிறப்புக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த அடுக்கைப் பார்க்க விடாமல் செய்வது பைபிளில் அச்சிட்டிருக்கும் அதிகாரப் பிரிவும் உபதலைப்புகளும். அதிகாரங்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை, வசன எண்கள் 16-ஆம் நூற்றாண்டில் வந்தவை. உபதலைப்புகள் பதிப்பாளர்கள் போட்டவை. பைபிள் ஸ்டடியில் வாரம் ஒரு உபதலைப்பு என்று போனால், அத்திமரம் சபிக்கப்படுவது ஒரு வாரம், தேவாலயத்தில் வியாபாரிகளைத் துரத்தியது அடுத்த வாரம், மரம் பட்டுப்போனது அதற்கடுத்த வாரம். மாற்கு மரத்தின் கதையைப் பாதியில் நிறுத்தி, நடுவில் ஆலயத்தை வைத்து, மறுபடி மரத்துக்கு வருகிறார். ஒன்றை வைத்துத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். பிரித்துப் படித்தவர்கள், "காலமல்லாத காலத்தில் பழம் இல்லை என்று மரத்தைச் சபிக்கலாமா?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். யவீருவின் மகள் கதைக்கு நடுவே பெரும்பாடு (தீராத இரத்தப்போக்கு) உள்ள பெண் வருவதும் இதே உத்தி. பெத்சாயிதா குருடனுக்கு இரண்டு கட்டமாகப் பார்வை வருகிறது. அடுத்த காட்சியிலேயே பேதுரு "நீர் கிறிஸ்து" என்று சொல்லி, உடனே பாடுகளைக் கேட்டு இயேசுவையே கடிந்துகொள்கிறார். பாதிப் பார்வை யாருக்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பின்னணி விஷயத்தில் தவறு வேறு மாதிரி. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறார் இயேசு (10:25). எருசலேமில் "ஊசியின் காது" என்றொரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு நுழையும் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். முதல் நூற்றாண்டில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. மண்டியிட்டால் நுழையலாம் என்றால், "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்?" என்று சீடர்கள் ஏன் மலைத்துப்போக வேண்டும்?

நல்ல பின்னணித் தகவல் நூலுக்குள்ளேயே கிடக்கிறது. கை கழுவும் யூத வழக்கத்தை 7-ஆம் அதிகாரத்தில் நின்று விளக்குகிறார்; "தலீத்தாகூமி" போன்ற அரமேயச் சொற்களுக்குப் பொருள் சொல்கிறார்; விதவையின் இரண்டு காசை ரோம நாணயக் கணக்கில் சொல்கிறார். வாசகர்களில் பலர் யூதரல்லாதவர்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ரோம் நகரில், பேதுருவின் போதனையை வைத்து எழுதினார் என்பது பழைய மரபு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து சபைத் தலைவர் பப்பியாஸ், பேதுருவோடு உள்ள தொடர்பைச் சொல்கிறார். நூலுக்குள் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதிய காலம் கி.பி. 70-ஐ ஒட்டி, எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதற்குச் சற்று முன்போ பின்போ என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிப்பு. இதை அடித்துச் சொல்லி, ரோமப் பேரரசன் நீரோ கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியதை ஒவ்வொரு வசனத்துக்குள்ளும் தேடுவது மிகை.

கடைசியாக 16:8. சினாய், வத்திக்கான் என்னும் நான்காம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டிலும் நூல் அங்கேயே முடிகிறது: பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 9 முதல் 20 வரையிலான வசனங்களும் பழமையானவைதான். கி.பி. 180 வாக்கிலேயே ஐரேனியு என்ற சபைத் தலைவர் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். ஆனாலும் ஒருமுறை 8-லேயே நிறுத்திப் படித்துவிட்டு, பிறகு அந்தப் பன்னிரண்டு வசனங்களுக்கு வாருங்கள். மகதலேனா மரியாள் தனியாக இயேசுவைக் காண்பது யோவானை ஒட்டியிருக்கும், வழியில் நடந்துபோன இருவர் லூக்காவின் எம்மாவுக் கதையை ஒட்டியிருப்பார்கள், உலகமெங்கும் போங்கள் என்ற கட்டளை மத்தேயுவின் முடிவை ஒட்டியிருக்கும். மற்ற நற்செய்திகளை வைத்து மாற்கை நிரப்பும் பழக்கம் அவ்வளவு பழசு.