உறுமும் நாயை அடக்காதீர்கள்: வீட்டில் நாய் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், புதிதாக நாய்க்குட்டி வாங்கியிருந்த ஒரு குடும்பத்தார் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். 4 மாதக் குட்டி. அது கிண்ணத்தில் முகத்தைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் குனிந்து கிண்ணத்துக்குள் கையை விட்டார். குட்டி மெல்வதை நிறுத்தியது. அதன் உடல் அப்படியே விறைத்தது. கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் ஒன்று எழுந்தது. அவர் அதன் மூக்கின்மேல் தட்டி, “யார்கிட்ட உறுமுற?” என்று அதட்டினார். குட்டி காதுகளை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. “பார்த்தீர்களா சார், அடங்கிவிட்டது” என்று அவர் என்னிடம் திரும்பிச் சொன்னார். 20 ஆண்டுகளுக்கு முன் என் முதல் நாயின் எதிரே நின்று நான் செய்ததும் இதே செயல்தான்; எனக்கிருந்ததும் இதே பெருமிதம்தான்.

இக்கட்டுரையை எழுத அந்தக் காட்சியே காரணம். தடுப்பூசி போட வேண்டும், குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும், சாக்லேட்டும் திராட்சையும் வெங்காயமும் கொடுக்கக் கூடாது என்பவற்றை முதல் நாளிலேயே கால்நடை மருத்துவர் சொல்லிவிடுவார். நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் செய்யப்படும் தவறுகள் வேறு வகையானவை. செய்பவருக்கே அவை தவறென்று தெரியாததால், அவற்றைத் திருத்துவது கடினம்.

## உறுமலைத் தண்டிப்பது

உறுமல் திமிர் அன்று, அது அறிவிப்பு. “இதற்கு மேல் நெருங்கினால் என்னால் தாங்க முடியாது” என்று நாய் நம் காதில் விழும்படி சொல்லும் வழி அது ஒன்றுதான். அதற்கு முன்பே அது வேறு பல வழிகளில் சொல்லிப் பார்த்திருக்கும்: முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கும், எதுவும் தின்னாத நேரத்தில் உதட்டை நக்கியிருக்கும், தூக்கம் வராதபோதே கொட்டாவி விட்டிருக்கும், அசைவற்று உறைந்து நின்றிருக்கும். இவை ஓசையற்றவை என்பதால் நாம் கவனிப்பதில்லை. நாம் கவனிக்காததால்தான் அது உறுமுகிறது. உறுமலுக்கு அடுத்த படி, உடலில் படாமல் காற்றை வெடுக்கென்று கவ்வுவது. அதற்கும் அடுத்தது கடி.

உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும் என்பது உண்மை. நின்றது ஓசை மட்டும்தான். உறுமலுக்குக் காரணமான அச்சம் அப்படியே இருக்கும்; இன்னும் சரியாகச் சொன்னால், கூடியிருக்கும். ஏனெனில் கிண்ணத்தருகே வரும் கை உணவைப் பறிக்கும் என்று முன்பு சந்தேகப்பட்ட நாய்க்கு, அந்தக் கை அடிக்கவும் செய்யும் என்று இப்போது உறுதியாகிவிட்டது.

என் முதல் நாய்க்கு 8 மாதம் ஆனபோது, நாய் வளர்ப்பில் பழுத்தவர் என்று நான் நம்பிய ஒருவர், “தின்னும்போது கிண்ணத்தை எடுத்து எடுத்து வை, யார் தலைவன் என்று அதற்குத் தெரியட்டும்” என்று சொன்னார். நானும் நாள்தோறும் எடுத்தேன், உறுமினால் தட்டினேன். 3 வாரத்தில் உறுமல் நின்றுபோயிற்று. என் நாய் எவ்வளவு சாது என்று வந்தவர் போனவர்களிடமெல்லாம் சொன்னேன். ஓராண்டு கழிந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகள், 6 வயதுக் குழந்தை, கூடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பந்து உருண்டு, மூலையில் படுத்து எதையோ மென்றுகொண்டிருந்த நாயின் அருகே போய் நின்றது. அவள் குனிந்தாள். நாயிடமிருந்து எந்த ஓசையும் எழவில்லை. மறுகணம் அவள் முன்கையில் 4 பற்கள் இறங்கியிருந்தன. குழாயடியில் உட்கார வைத்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியபோது அவள் அழுகைக்கு நடுவே என்னிடம் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது: “அது சத்தமே போடலையே மாமா.” சத்தம் போடக் கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம், காயமும் ஆறியது. நாய் 13 வயது வரை என்னோடு வாழ்ந்தது. ஆனால் கடைசி வரை தனியறையில் உணவு வைத்து, கதவை மூடிவிட்டு வரும்படிதான் இருந்தது. நான் அழித்த அந்த எச்சரிக்கையை அது மீண்டும் எனக்குத் தரவே இல்லை.

“யார் தலைவன்” என்ற இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காக ஓயாமல் போட்டியிடுகின்றன என்று எழுதினார். டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் 1970-இல் வெளியிட்ட நூல் வழியாக அக்கருத்து உலகெங்கும் பரவியது. பிறகு காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்த அதே மெக், 1999-இல் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார்: இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளும் அடங்கிய குடும்பம்; அங்கே சண்டையிட்டுப் பிடிக்கும் தலைமை என்று ஒன்றில்லை. பரப்பியவரே திரும்பப் பெற்ற ஒரு கருத்தை, பயிற்றுநர்கள் என்று பணம் வாங்குபவர்கள் இன்றும் வீடு வீடாகச் சென்று கற்பிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அந்தப் பாடத்தின் விலையைக் குழந்தைகளின் கைகளும் முகங்களும் கொடுக்கின்றன. கடித்த பிறகு வீட்டைவிட்டு அனுப்பப்படும் நாய்களும் கொடுக்கின்றன.

அப்படியானால் நாய் உறுமும்போது என்ன செய்வது? நில்லுங்கள், ஓர் அடி பின்வாங்குங்கள். “பின்வாங்கினால் தான் வென்றுவிட்டதாக அது நினைக்காதா?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். தான் சொன்னது கேட்கப்பட்டது, கடிக்கும் தேவை இல்லை என்பதைத்தான் அது அந்தக் கணத்தில் தெரிந்துகொள்கிறது. பயிற்சி அந்தக் கணத்துக்கு உரியது அன்று. அடுத்த நாளுக்கு உரியது.

நான் போயிருந்த வீட்டில் செய்தது இதுதான். முதலில், கிண்ணத்தில் கை விடுவதை அடியோடு நிறுத்தச் சொன்னேன். குட்டி தின்னும்போது, அதன் உடல் விறைக்காத தூரத்தில், அங்கே அது 6 அடி, கடந்து செல்ல வேண்டும். செல்லும்போது கிண்ணத்தில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டை அதன் பக்கம் போட்டுவிட்டு, நிற்காமல் போய்விட வேண்டும். மனிதர் நெருங்கி வந்தால் உணவு குறையாது, கூடும் என்பதை அந்தக் குட்டி தானே கண்டறிய வேண்டும். காலடி ஓசை கேட்டதும் அது தளர்ந்த உடலோடு தலையை உயர்த்திப் பார்க்கத் தொடங்கிய பிறகே தூரத்தை ஓரடி குறைக்கலாம். வாயில் கவ்விய பொருளை வாங்க வேண்டுமானால் துரத்தக் கூடாது, வாயைப் பிளக்கவும் கூடாது. அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும், முடிந்தால் வாங்கியதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்பயிற்சியைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். நாய் தின்னும் இடத்தில் குழந்தைகளுக்கு எந்த வேலையும் இல்லை. மூன்றாவது வாரம் நான் மறுபடி சென்றபோது, அவர் கிண்ணத்தை நோக்கி நடந்தார். குட்டி தின்பதை விட்டுவிட்டு வாலை ஆட்டியபடி அவர் கையைப் பார்த்தது. அவரும் என்னைப் பார்த்தார். இம்முறை எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. இதுவரை உறுமாத வயது வந்த நாய் திடீரென்று தொட்டால் உறுமத் தொடங்கினால், பயிற்றுநரை அழைக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். காதுப் புண், பல்வலி, மூட்டுவலி ஆகியவற்றைச் சொல்ல நாய்க்கு வேறு மொழி இல்லை. ஏற்கெனவே கடித்துவிட்ட நாயை, மேலே சொன்ன முறையைக் கொண்டு நீங்களாகவே திருத்த முயலாதீர்கள். கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலோடுதான் தொடங்க வேண்டும்.

## கூப்பிட்டுத் திட்டுவது

செருப்பைக் கடித்துக் கிழித்திருக்கிறது. நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், அது வருகிறது, செருப்பைக் காட்டித் திட்டுகிறீர்கள். நாய் ஒரு செயலையும் அதன் விளைவையும் இணைத்துக்கொள்வது ஓரிரு நொடிகளுக்குள் மட்டுமே. செருப்பைக் கிழித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது; கூப்பிட்டதும் வந்ததோ இப்போது. ஆகவே தண்டனை வந்ததற்குத்தான் விழுகிறது.

“இல்லை, அதற்குத் தன் தவறு தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே” என்று வாதிடுவோர் உண்டு. 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதில் வளர்ப்பவருக்குச் சில நேரம் தவறான தகவல் தரப்பட்டது. அந்தக் குற்ற முகம், தவறு செய்ததைச் சார்ந்து வரவில்லை. திட்டியதைச் சார்ந்தே வந்தது. ஒன்றும் செய்யாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின. நாம் குற்றவுணர்ச்சி என்று படிப்பது, நம் குரலுக்கும் தோரணைக்கும் அது காட்டும் பணிவு.

இதன் விளைவு வீட்டுக்குள் தெரியாது. ஒருநாள் காலர் கழன்று நாய் வண்டிகள் ஓடும் சாலையில் நிற்கும்போது தெரியும். கூப்பிடுவீர்கள், அது தயங்கும். எனவே, கூப்பிட்டதும் வந்த நாய்க்கு எக்காரணம் கொண்டும் கெட்டது நேரக் கூடாது. 5 நிமிடம் கழித்து வந்தாலும் பாராட்டு மட்டுமே கிடைக்க வேண்டும். நகம் வெட்டவோ குளிப்பாட்டவோ வேண்டுமென்றால், கூப்பிடாமல் நீங்களே சென்று மெல்ல அழைத்து வாருங்கள்.

## சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பது

கூடாது. இதனால் குட்டி கற்பதெல்லாம், நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போக வேண்டும் என்பதைத்தான்.

## தடுப்பூசிகள் முடியும் வரை அறைக்குள் அடைத்து வைப்பது

பார்வோ நோயைப் பற்றிய அச்சம் நியாயமானது. அது குட்டிகளைக் கொல்லும் நோய். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடலில் இருக்கும் வரை தடுப்பூசி முழுமையாக வேலை செய்யாது என்பதாலும், அந்த எதிர்ப்பொருள் எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதாலும்தான், சில வார இடைவெளியில் 16 வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆனால் நாய்க்குட்டி உலகத்தை அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3-ஆம் வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரங்களுக்குள் குறுகிவிடுகிறது. கடைசி ஊசிக்குக் காத்திருந்து கதவைத் திறப்பவர், அந்தப் பருவம் முடிந்த பிறகே திறக்கிறார். குடையைக் கண்டு குரைக்கும், தாடி வைத்தவரைக் கண்டு கட்டிலுக்கடியில் ஓடும் வளர்ந்த நாய்கள் பலவற்றின் கதையை விசாரித்தால், இந்த அடைபட்ட வாரங்களில்தான் வந்து நிற்கும்.

முதல் ஊசி போட்ட சில நாட்களுக்குப் பின், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே செல்லுங்கள். தரையில் விட வேண்டாம்; தெரியாத நாய்கள் நடமாடும் இடமும் வேண்டாம். வண்டி ஓசை, தலைக்கவசம் அணிந்தவர், ஊன்றுகோல் பிடித்தவர், ஓடி விளையாடும் குழந்தைகள் எல்லாவற்றையும் அது உங்கள் நெஞ்சில் சாய்ந்தபடி பார்க்கட்டும். ஊசிகள் முறையாகப் போடப்பட்ட, சாதுவான நாய் உள்ள நண்பர் வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். ஆனால் கைக்குக் கை மாற்றிக் கொஞ்சவிடாதீர்கள். தானாக நெருங்கவும் தானாக விலகவும் அதற்கு வழி இருந்தால்தான் பழக்கம் நல்ல பழக்கமாக நிற்கும்.

## ஒரே செயலுக்கு மூன்று சொற்கள்

அப்பா “உட்கார்” என்கிறார், மகள் “சிட்” என்கிறாள், பாட்டி “கீழே இரு” என்கிறார். முதல் நாளே வீட்டார் எல்லாரும் கூடி ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். சொன்னதை ஒருமுறைக்கு மேல் சொல்லாதீர்கள். “உட்கார், உட்கார், உட்கார்” என்று பழக்கினால் மூன்றாவது முறை சொல்வதுதான் கட்டளை என்று நாய் எடுத்துக்கொள்ளும்.

## உங்கள் மாத்திரையைக் கொடுப்பது

ஒருபோதும் வேண்டாம். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகக் கூடியவை.

## பத்து நாள் விடுப்பு, பிறகு ஒரே நாளில் தனிமை

குட்டி வந்ததும் அன்பு மிகுதியால் விடுப்பு எடுத்து, இரவும் பகலும் மடியிலேயே வைத்திருக்கிறார்கள். விடுப்பு முடிந்த காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு 9 மணி நேரம் போய்விடுகிறார்கள். மாலையில் வந்து பார்த்தால் கதவின் அடிப்பக்கம் பிராண்டப்பட்டிருக்கிறது, கூடம் நனைந்திருக்கிறது, பக்கத்து வீட்டார் குரைப்பைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள். இதைக் குட்டி பழிவாங்கியதாக எண்ணித் தண்டிக்கிறார்கள். அது பழி அன்று, பீதி. பீதியில் இருந்த உயிரைத் திட்டினால், நீங்கள் போவதற்கும் அஞ்சும், வருவதற்கும் அஞ்சும்.

தனிமையும் கற்பிக்க வேண்டிய பாடம்தான். நீங்கள் வீட்டில் இருக்கும் முதல் வாரத்திலேயே அதைத் தொடங்க வேண்டும். நக்கவோ மெல்லவோ ஏதாவது கொடுத்துவிட்டு, விடைபெறும் சடங்கு எதுவும் இல்லாமல் கதவை மூடிக்கொண்டு வெளியே நில்லுங்கள். 10 எண்ணிவிட்டு, அது முனகத் தொடங்கும் முன்பே உள்ளே வாருங்கள். ஆரவாரம் இல்லாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். அது படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் மெல்லத் தொடங்கினால், அடுத்த முறை 20 எண்ணலாம். எழுந்து கதவருகே வந்து நின்றிருந்தால், 5-க்குத் திரும்புங்கள்.