‘ஆ’வும் ‘தானே’யும் இல்லாத மொழி: ஆங்கிலக் குரலைக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்கு வந்தவரிடம் “டீயா, காபியா?” என்று கேட்பதற்கும் “டீ, காபி ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் வளரும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். முதல் கேள்விக்கு இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு வேண்டும் அல்லது வேண்டாம் என்றால் போதும். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதும்: ‘வுட் யூ லைக் டீ ஆர் காபி’. ‘டீ’யில் குரல் ஏறி ‘காபி’யில் இறங்கி முடிந்தால் அது முதல் கேள்வி. ‘காபி’யிலும் ஏறியே நின்றால் இரண்டாம் கேள்வி. கரும்பலகையில் அதை எழுதி இரண்டு வகையாகவும் சொல்லிக் காட்டியபோது, “ரெண்டும் ஒண்ணுதான சார்?” என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவனுடைய காதில் குறை ஏதும் இல்லை. சொல் மாறாத இடத்திலும் பொருள் மாறக்கூடும் என்பதை அவனுக்கு அதுவரை எங்களில் யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ் பேசுகிறவர் தம் நோக்கத்தைப் பெரும்பாலும் சொல்லின் ஓரத்தில் ஓர் எழுத்தாகவோ இரண்டெழுத்தாகவோ ஒட்டி வைத்துவிடுகிறார். கேள்விக்கு ஆ, உறுதிக்குத் தான், பிரித்துச் சொல்ல ஏ, ஐயத்துக்கு ஓ, அடுக்கிச் சொல்ல உம் என்று நமக்கு எல்லாம் இருக்கின்றன. ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் ஓகாரத்துக்கு ஆறு பொருளும் உண்டென்று தொல்காப்பியத்தின் இடையியல் வகுத்துச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையில் பெரும்பங்கைக் குரலின் ஏற்ற இறக்கமும் அழுத்தமும் நிறுத்தமும் செய்கின்றன. ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் குரலைச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும், தமிழில் இல்லாத ஏதோ ஒரு புதிய வித்தையாக அதை அறிமுகம் செய்வதுதான். அது புதிதன்று, அவர்கள் எழுத்தாகச் சொல்லிப் பழகியதை அங்கே குரலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவே. இரு மொழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்குப் பழகிய காரியம். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் இடையன்குடியில்தான் வாழ்ந்தார்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால், மாலையில் மணி அடித்ததும் ஒருவன் வண்டியை மற்றொருவன் எடுத்துப் போய்விடுவது எங்கள் பள்ளியில் அடிக்கடி நடக்கும். அதிலிருந்து பிறந்த வாக்கியம் இது: ‘ஐ டிட் நாட் டேக் ஹிஸ் சைக்கிள்’. ‘ஐ’ என்பதை அழுத்தினால், எடுத்தது நானில்லை, வேறு யாரோ. ‘டேக்’ என்பதை அழுத்தினால், எடுத்துப் போகவில்லை, ஓரமாக நகர்த்தித்தான் வைத்தேன். ‘ஹிஸ்’ என்பதை அழுத்தினால், எடுத்தது உண்மைதான், ஆனால் அது அவனுடையதில்லை. ‘சைக்கிள்’ என்பதை அழுத்தினால், அவனிடமிருந்து எடுத்தது சைக்கிளை இல்லை, காற்றடிக்கும் பம்பை. தமிழில் ‘இல்லை’ என்ற சொல்லே இடம் பெயர்ந்து எந்தச் சொல்லை மறுக்கிறதோ அதனருகே போய் நின்றுகொள்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லுமாறு விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் ‘நாட்’ இருந்த இடத்திலேயே இருக்க, குரல் மட்டும் சொல்லுக்குச் சொல் நகர்கிறது என்பது அதற்குப் பிறகு விளக்கம் இல்லாமலே விளங்கிவிடும். தமிழ் வாக்கியத்தை முதலில் சொல்லி, அதற்குப் பொருத்தமான ஆங்கிலக் குரலைத் தேடச் சொல்லும் இந்த வரிசையை மாற்றினால் பயிற்சி வெறும் ஒப்பித்தலாகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

அழுத்தம் என்று சொன்னதும் சத்தம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நாமும் பல நேரங்களில் “அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்” என்றுதான் சொல்கிறோம். இது அடுத்த தவறு. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் சொல் சற்று நீள்கிறது, அதன் உயிரொலி தெளிகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இடத்தில் குரலின் சுருதி மாறுகிறது. சத்தம் இவற்றோடு சேர்ந்து வரும் ஒன்று மட்டுமே. சத்தத்தை மட்டும் கற்றுக்கொண்ட மாணவன் ‘ஐ டிட் நாட் டேக் ஹிஸ் சைக்கிள்’ என்று சொல்லும்போது சண்டைக்கு வருகிறவன் போல ஒலிக்கிறான். ஒரு ரப்பர் பேண்டை இரு கட்டைவிரல்களிலும் மாட்டிக்கொண்டு, அழுத்த வேண்டிய சொல் வரும்போது மட்டும் இழுக்கச் சொன்னால், சத்தம் கூடாமலே சொல் நீள்வதை அவன் கையே அவனுக்குச் சொல்லிவிடும்.

அழுத்தம் பெறாத இடங்களை நாம் கவனிக்காமல் விடுவது இதைவிடக் கேடு. ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்து ஒலிப்பதே தமிழில் நல்ல வாசிப்பு. அதே நாவோடு ஆங்கிலப் பாடத்தை வாசிக்கும் பிள்ளை ‘த’, ‘ஆஃப்’, ‘டு’ எல்லாவற்றையும் முழு எடையோடு சொல்கிறது. ஆங்கிலக் காது எடை எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் பொருளைப் பிடிக்கிறது. எல்லாமே எடையாக இருந்தால் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ‘ஐ கேன் கம்’ என்பதில் ‘கேன்’ பொதுவாக உயிரொலி மங்கி, ‘க்ன்’ என்பது போலச் சுருங்கி, ‘கம்’ என்பதே மேலெழும்பும். நம் மாணவர் ‘கேன்’ என்பதை முழுதாக, நீட்டி, அழுத்திச் சொல்லும்போது, தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அது ‘கேன்ட்’ என்று, அதாவது வர முடியாது என்று, கேட்டுவிடக்கூடும். வருவேன் என்று சொன்னவன் வரமாட்டேன் என்று சொன்னதாக ஆகிவிடுகிறது.

இப்படி ஒலி சுருங்குவதைச் சோம்பேறித்தனம் என்றும் தெளிவின்மை என்றும் ஆசிரியர்களே சிலர் திருத்துவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் நினைவூட்டுவது குற்றியலுகரத்தை. ‘பேச்சு’, ‘நாடு’, ‘காசு’ என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதடு முழுதாகக் குவிவதில்லை. தன் ஒரு மாத்திரையிலிருந்து அது அரை மாத்திரையாகக் குறைகிறது. குறைந்து ஒலிப்பதும் முறையான ஒலிப்பே என்று நம் இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, ஆங்கிலத்தில் ‘பனானா’வின் முதல் உயிரும் கடைசி உயிரும் மங்கி நடுவில் உள்ளது மட்டும் நீள்வதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளத் தயங்குவதில்லை. வகுப்பு முழுவதும் கோரஸாகப் பாடம் வாசிப்பதை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாற்பது குரல்கள் ஒன்றாகப் போக வேண்டுமானால் எல்லாச் சொற்களும் ஒரே அளவில் நடந்தாக வேண்டும். அந்த நடை ஒருமுறை நாவில் ஏறிவிட்டால் அதை இறக்க ஓர் ஆண்டு போதாது.

கேள்வி என்றால் குரலை உயர்த்த வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் தவறு. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் குரல் பெரும்பாலும் ஏறும். ‘வேர் டு யூ லிவ்’ போன்ற கேள்விகளில் பொதுவாக இறங்கும். வாக்கியத்தின் வாலாக வரும் கேள்விகளில்தான் நுட்பம் மிகுதி. ‘யூ ஆர் ஃப்ரம் அம்பை, ஆரன்ட் யூ’ என்று குரல் இறங்கி முடிந்தால் அது “நீ அம்பைதானே”. ஏறி முடிந்தால் “நீ அம்பையா, சரியாகத் தெரியவில்லையே”. தானேயும் ஆவும் ஏறி இறங்கும் குரலாக உருமாறி நிற்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

என்னிடம் படித்த ஒருவன் தொலைபேசி வழியே ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேசினான். எதிர்முனையில் கேட்ட கேள்வி சரியாக விழவில்லை. முறையாக ‘சாரி’ என்று சொன்னான். ஆனால் குரலை இறக்கிச் சொன்னான். ஏற்றிச் சொல்லியிருந்தால் “என்ன சொன்னீர்கள்?” என்று பொருள்பட்டிருக்கும். இறக்கிச் சொன்னதால், தெரியாது, மன்னியுங்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பிறகு பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தபோது, “கேட்ட கேள்வியத் திருப்பிச் சொல்லவே இல்ல சார்” என்று வருத்தப்பட்டான். அந்தச் சொல்லை அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதன் குரலைக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மரியாதையிலும் இதே இடர் உண்டு. ‘தாங்க’, ‘சொல்லுங்க’ என்று ‘ங்க’ சேர்த்தால் தமிழில் பணிவு வந்துவிடுகிறது. குரல் தட்டையாக இருந்தாலும் கேட்பவர் தவறாக நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். ‘ப்ளீஸ்’ சேர்த்தாலே பணிவு வந்துவிடும் என்று கற்பித்துவிட்டு, அதைத் தட்டையான, இறங்கும் குரலில் சொல்ல விட்டால், ‘கிவ் மீ த ஃபார்ம், ப்ளீஸ்’ என்பது அதட்டலாகவே கேட்கும். நல்ல பிள்ளைகள் இதனால் முரடர்கள் என்று பெயர் வாங்குகிறார்கள்.

இறங்கி மீண்டும் ஏறும் குரலைப் பலர் கற்பிப்பதே இல்லை. ‘த ஃபுட் வாஸ் குட்’ என்பதில் ‘குட்’ இறங்கி முடிந்தால் சாப்பாடு நன்றாக இருந்தது. இறங்கிய குரல் சற்றே ஏறித் தொங்கி நின்றால், சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பந்தியில் இடம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று என்பது போல ஏதோ ஒன்று சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. ஓகாரத்தின் ஆறு பொருள்களில் ஒன்றை ஒழியிசை என்று தொல்காப்பியம் சொல்கிறது. சொல்லாமல் ஒழிந்து நிற்பதைக் கேட்பவர் உணர்ந்துகொள்ள வைப்பது அது. ஆங்கிலத்தின் ஒழியிசை அந்தத் தொங்கும் குரலில் இருக்கிறது என்று சொன்னால் பதினோராம் வகுப்புக்கு உடனே புரிகிறது.

“கோபமாகச் சொல், சோகமாகச் சொல், மகிழ்ச்சியாகச் சொல்” என்று உணர்ச்சியின் பெயரைக் கொடுத்துப் பயிற்சி நடத்துவது பரவலான வழக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகள் அப்போது செய்வது, பார்த்த சினிமாக் காட்சியைத் திருப்பி நடிப்பது. குரலில் பொருளை ஏற்றுவது சூழல். அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட, கையில் போனை வைத்திருக்கும் பையன் “வாரே…ன்” என்று இழுத்தால், இப்போதைக்கு வரமாட்டான் என்று அம்மாவுக்குத் தெரியும். விடைபெறும்போது சொல்லும் “வாரேன்” வேறு. பேருந்து நகரும்போது ஓடிக்கொண்டே கத்தும் “வாரேன்” வேறு. இந்த மூன்றையும் பிள்ளைகள் நடிக்காமலே சொல்லிக் காட்டுவார்கள். அதே போல ‘ஐ ஆம் கமிங்’ என்பதற்கும் யார், யாரிடம், எங்கே நின்று சொல்கிறார் என்பதை மட்டும் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

காற்புள்ளிக்கு ஒன்று, முற்றுப்புள்ளிக்கு இரண்டு என்று எண்ணி நிறுத்தச் சொல்வதும் வேண்டாம். எந்தச் சொற்கள் ஒரு பொருளாகச் சேர்கின்றனவோ அவற்றைச் சேர்த்துச் சொல்வதுதான் முறை. திருநெல்வேலி ஜங்ஷன் நடைமேடை அறிவிப்பைக் கேட்டு வரச் சொல்வேன். தனித்தனியே பதிவு செய்த சொற்களைக் கணினி ஒட்டி வைப்பதால், நடுவில் வரும் எண் முடிந்துவிட்டது போல இறங்குவதையும், முடிய வேண்டிய இடத்தில் குரல் அந்தரத்தில் நிற்பதையும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

உச்சரிப்பையும் குரலின் பொருளையும் குழப்பிக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லைத் தமிழின் சாயல் ஆங்கிலத்தில் தெரிவது குற்றமன்று. லண்டன்காரரைப் போல ஒலிக்கச் சொல்லும் வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

வாயைத் திறக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறப்பதுதான் கடைசித் தவறு. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற பருவம். சுருதியை ஏற்றச் சொன்னால் குரல் கீச்சிட்டுவிடும், வகுப்பு சிரித்துவிடும், அத்துடன் அவன் அந்த ஆண்டு முழுவதும் தட்டையாகவே பேசுவான். பெண் பிள்ளைகளோ, “பொம்பளப் பிள்ள சத்தமாப் பேசாத” என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். குரலைத் தாழ்த்தியே வைத்திருப்பது அவர்களுக்கு ஒழுக்கமாகப் போதிக்கப்பட்டிருக்கிறது. இவர்களை எழுப்பி நிறுத்தி எல்லார் முன்னும் திருத்துவது கற்பித்தல் ஆகாது. இருவர் இருவராக உட்கார்ந்து பேசட்டும். போனில் பதிவு செய்து தாமே கேட்கட்டும். பிழையைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் பெயர் சொல்லாமல் பேசலாம்.

எனக்கு அதிகம் பலன் தந்தது வாய் மூடிய பயிற்சி. பலகையில் இரண்டு பொருளுள்ள ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, ஒருவர் சொற்களே இல்லாமல் அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் முனகிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். சொல் இல்லாததால் உச்சரிப்பைப் பற்றிய பயம் இல்லை. மெதுவாக முனகினால் போதுமென்பதால் கூச்சமும் குறைவு. ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் பேசியே இராத ஒரு மாணவி ஒருநாள் எழுந்து, தலையைக் குனிந்தபடி, ‘வுட் யூ லைக் டீ ஆர் காபி’யை முனகினாள். கடைசியில் குரல் இறங்கிற்று. “காபி” என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது.