தோற்றுப்போன மே மாதத்துக்கு அப்புறம்

சட்டமன்றத் தேர்தலில் தோற்ற பக்கத்தில் வேலை செய்த ஊர்த் தொண்டர்களுக்கு, முதலில் ஒரு வேண்டுகோள். வாக்கு எண்ணும் மையத்தில் கடைசிச் சுற்று முடியும்வரை உட்காருங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்றிலேயே போக்கு தெரிந்துவிடும், நம் ஆட்கள் ஒவ்வொருவராக வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள், வெளியே மற்ற பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்கும், அந்த நேரத்தில் மேசை முன்னால் தனியாக உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இரண்டு தேர்தலில் எண்ணிக்கை ஏஜென்டாக உட்கார்ந்திருக்கிறேன், இரண்டிலும் தோற்றோம். இருந்தாலும் சொல்கிறேன், உட்காருங்கள். வாக்குப்பதிவு முடிந்த அன்று பூத் ஏஜென்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற படிவம் 17சி நகல் உங்களிடம் இருக்கும். அதில் உள்ள மொத்த வாக்கும் இயந்திரம் காட்டுகிற மொத்த வாக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டிய ஆள் நீங்கள்தான். தேர்தலை எதிர்த்து வழக்குப் போடுவதென்றால் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும், அதற்கும் கையில் காகிதம் வேண்டும். ஒரு குறையும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. ஊருக்கு வந்து "எண்ணிக்கை சரியாக நடந்தது, நாம் தோற்றது நிஜம்" என்று நம் ஆட்களிடமே தைரியமாகச் சொல்லலாம். அப்படிச் சொல்ல ஒருவர் இல்லாத ஊரில் அடுத்த ஐந்து வருஷமும் மெஷின் கதைதான் ஓடும், வேறு வேலை நடக்காது.

நான் அவிநாசிக்கு வடக்கே ஒரு கிராமத்துக்காரன். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, அது இங்கே தேவையும் இல்லை. கொங்குப் பக்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் ஒரு தடவையாவது இப்படி வீடு திரும்பியிருக்கிறோம்.

அடுத்த நாள் காலையில் செய்ய வேண்டியது கடன் தீர்ப்பது. டீக்கடைக் கணக்கு, மைக் செட்டுக்காரர் பாக்கி, ஆட்டோ வாடகை, பந்தல் போட்டவர் கூலி. தோற்ற வேட்பாளர் பக்கத்தில் பலருடைய போன் அன்றைக்கு எடுபடாது, ஆனால் டீக்கடைக்காரருக்குத் தெரிந்த முகம் வேட்பாளருடையது அல்ல, உங்களுடையது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து கைக்காசு போட்டுத் தீர்த்தோம். அது எனக்கு அன்று வலித்தது, ஆனால் அதே கடை பெஞ்சில்தான் பிற்பாடு குளத்துக்கான மனுவில் முதல் கையெழுத்து விழுந்தது. சுவரில் எழுதிய விளம்பரத்தையும் நீங்களே வெள்ளையடித்துக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு பத்து நாள் சும்மா இருங்கள். வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேற வேண்டாம், சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள். அந்தப் பத்து நாளில் பேசுவதெல்லாம் பின்னால் நம்மைத் துரத்தும். முக்கியமாக ஒரு வாக்கியத்தை வாயில் வரவிடாதீர்கள்: "காசை வாங்கிட்டு ஓட்டை மாத்திப் போட்டுட்டாங்க." காசு புழங்குவது பொய் என்று நான் சொல்லவில்லை. 2016-ல் கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்து, நவம்பரில்தான் மறுபடி நடத்தியது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட ஒரு அக்காவைப் பார்த்து நீ விலைபோய்விட்டாய் என்று சொன்னால், அவர் அடுத்த தடவை நம்முடைய நோட்டீசை வாங்கக்கூட மாட்டார். அதோடு, நாம் ஏன் தோற்றோம் என்று தேடுகிற வேலையும் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுபோகும்.

தேட வேண்டிய இடம் படிவம் 20. முடிவு வந்து சில நாளில் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாக இது கிடைக்கும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யார் யாருக்கு எத்தனை ஓட்டு, நோட்டாவுக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும். உங்கள் பாகத்தை, அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதியை, மட்டும் எடுங்கள், போன தேர்தலின் படிவத்தையும் எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் பாகங்களைப் பிரித்திருந்தாலோ எண் மாறியிருந்தாலோ வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் எந்தெந்தத் தெரு என்று போட்டிருக்கும், அதை வைத்துச் சரிபண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். நாங்கள் அப்படி உட்கார்ந்த அன்று எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. எங்கள் கோட்டை என்று நாங்கள் மேடையில் சொல்லிக்கொண்ட தெருவில் குறைந்திருந்தோம், போகவே போகாத காலனிப் பக்கத்தில் கொஞ்சம் ஏறியிருந்தோம். யோசித்துப் பார்த்தால் காரணம் வெட்டவெளிச்சம். தெருவில் இரண்டு வருஷமாகக் குடிநீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தது, நாங்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்போது மாநிலப் பிரச்சினை பேசிக்கொண்டிருந்தோம். காலனியில் எங்கள் பெண் பிள்ளைகள் இருவர் தாங்களாகவே போய் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதுவும் கட்சிக்குத் தெரியாது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போய் நியாயம் கேட்காதீர்கள். ரகசிய வாக்கு என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. தெருவின் தேவை என்ன என்று கேட்கப் போகலாம், ஓட்டு எங்கே போனது என்று கேட்கப் போகக் கூடாது.

சரி, ஜெயித்தவர் பக்கம். எங்கள் ஊரில் மற்ற கட்சியின் கிளைச் செயலாளர் எனக்கு அண்ணன் முறை. தோற்ற வாரத்தில் அவர் வீட்டில் ஒரு விசேஷம். நான் போகவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அம்மாதான், "மொய் வெக்கறதுக்கும் ஓட்டுக்கும் என்ன கண்ணு, போய்த் தலையைக் காட்டிப்போட்டு வா" என்றார். போனேன். அவர் வாசலிலேயே வந்து கையைப் பிடித்து, "வாப்பா, சாப்பிட்டுப் போட்டுத்தான் போகோணும்" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் பேசவில்லை. நான் சொல்ல வருவது இது: சட்டமன்ற உறுப்பினர் நமக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும் உறுப்பினர்தான். அவர் அலுவலகத்துக்கு மனுவோடு போக வெட்கப்பட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், ரசீது அல்லது நகலில் சீல் வாங்காமல் வரவும் வேண்டாம்.

இனி நான் ரொம்ப முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். உங்கள் ஊருக்குள் இருக்கிற, கண்ணால் பார்க்க முடிகிற, ஆட்சி மாறினாலும் மாறாமல் கிடக்கிற ஒரு விஷயம். குளம், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை, நின்றுபோன டவுன் பஸ், சாயத் தண்ணீர், எதுவாகவும் இருக்கட்டும். பத்து விஷயத்துக்குக் குரல் கொடுத்தால் பத்தும் பேச்சாகவே போய்விடும்.

எங்கள் பக்கத்து உதாரணம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம்தான். பவானியில் உபரியாகப் போகிற தண்ணீரைக் காய்ந்து கிடக்கிற குளங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எத்தனை தேர்தல், எத்தனை வாக்குறுதி, எத்தனை உண்ணாவிரதம். கேட்டவர்களில் எல்லாக் கட்சிக்காரரும் இருந்தார்கள், ஒவ்வொரு தேர்தலிலும் அவர்களில் பாதிப் பேர் தோற்ற பக்கத்தில் இருந்தார்கள், ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு ஆட்சியில் அடிக்கல் நாட்டப்பட்டது, 2024 ஆகஸ்ட் 17-ல் வேறொரு ஆட்சியில் திறக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டின் கீழே இருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு ஆண்டுக்கு 1.5 டிஎம்சி. முதன்முதலில் மனு கொடுத்தவர்கள் பலர் தண்ணீரைப் பார்க்க இல்லை. இன்றைக்கு என்ன வேலை இருக்கிறது என்றால், உங்கள் ஊர்க் குளம் அந்த 1,045-ல் இருக்கிறதா, இருந்தால் தண்ணீர் வந்ததா, எத்தனை நாள் வந்தது, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று தேதி போட்டு எழுதி வைப்பது. ஜெயித்த கட்சிக்காரருக்கு இதைச் செய்யச் சங்கடமாக இருக்கும். தோற்ற நமக்கு அந்தத் தடை இல்லை.

விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் இப்படித்தான் வந்தது. கோவைக்குப் பக்கத்து வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970-ல் கட்டண உயர்வை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை வீதிகளை அடைத்தார்கள். பிற்பாடு 1982-ல் அவர் ஆரம்பித்த கட்சி தேர்தலில் எடுபடவில்லை, 1984 டிசம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார். எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று வந்தது 1989-ல் அமைந்த ஆட்சியில். இன்று தோட்டத்து மோட்டாரைப் போடுகிற எவரும் அவர் எத்தனை ஓட்டு வாங்கினார் என்று கேட்பதில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று, மொடக்குறிச்சி, 1996. விவசாயிகள் கோபத்தில் ஒரே தொகுதியில் வேட்புமனு மேல் வேட்புமனுவாகப் போட்டு 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத்துக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். எனினும் ஒரே நாளில் செலவாகிவிடுகிற கோபத்தைவிட மாதம் ஒரு மனுவாகத் தொடர்கிற கோபத்தையே நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வேன்.

சரி, எங்கே போய் உட்காருவது? கிராமசபை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் இந்த உரிமை போகாது. குறைவெண் என்று ஒன்று உண்டு, கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் வராமல் கையெழுத்தை மட்டும் பிற்பாடு வாங்குவது பல ஊரில் நடக்கிறது, அதனால் உங்களோடு இருபது பேர் போனாலே கூட்டத்தின் முகம் மாறிவிடும். அரசியல் பேசாதீர்கள், துண்டு போடாதீர்கள். தீர்மானத்தை வீட்டிலேயே நாலு வரியில் எழுதிக்கொண்டு போங்கள், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று இருக்கிறது, உங்கள் வார்டில் அது கூடுகிறதா என்று கேட்பதே முதல் வேலையாக இருக்கும்.

தீர்மானம் போட்டும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு. ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பதில் வராது. இன்ன குளத்தில் தூர்வார ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி ஆணையின் நகல், நடந்த வேலையை அளந்து எழுதுகிற அளவீட்டுப் புத்தகத்தின் நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளும், மாதம் ஒரு முறை நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் உங்களுக்குத் தெரிந்ததுதான், மனு எண்ணை மட்டும் நோட்டில் குறித்து வையுங்கள்.

வாக்காளர் பட்டியல் வேலையையும் விட்டுவிடாதீர்கள். பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. திருப்பூரில் வீட்டுக்கு வீடு குடிமாறுகிறவர்கள் அதிகம், தேர்தல் வருஷத்தில் மட்டும் அலைந்தால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள்.

கட்சியில் நம்மைச் சலிக்க வைக்கிறவர்கள் இருப்பார்கள், தோல்விக்கு ஆள் தேடுவார்கள், சிலர் மறு வாரமே துண்டை மாற்றிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நாட்களில் நான் சி. சுப்பிரமணியத்தை நினைத்துக்கொள்வேன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், மத்திய வேளாண் அமைச்சராக இருந்து 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதி செய்யக் காரணமானவர். 1967-ல் கோபிசெட்டிபாளையத்தில் நம்ம ஜனங்களே அவரைத் தோற்கடித்தார்கள். 1968-ல் நாடு அதுவரை காணாத கோதுமை விளைச்சல் வந்தபோது அவர் அமைச்சர் இல்லை. அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை, மாநிலக் காங்கிரசை நடத்தினார், 1971-ல் கிருஷ்ணகிரியில் ஜெயித்து மறுபடி டெல்லிக்குப் போனார்.

எங்கள் ஊரில் அந்த மே மாதத்துக்கு அப்புறம் வந்த ஆகஸ்ட் 15-ல் குளத்து வாய்க்காலைத் தூர்வாரத் தீர்மானம் எழுதிக்கொண்டு போனோம். நான் வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து அந்த அண்ணன் எழுந்து வந்தார். "எங்கப்பா கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டு, என் பெயருக்குக் கீழே போட்டுவிட்டு, அவருடைய ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். அன்றைக்கு வரிசை முடிய மத்தியானம் ஆகிவிட்டது.