பழைய பஞ்சாலையை மாதிரி ரயிலில் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலிருந்து திருப்பூர் வழியாக ஈரோட்டுக்குச் சன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்குத் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் பஞ்சாலைச் சுவர்களும் கிடங்குகளும் சிமெண்ட் அட்டைக் கூரைகளும் மனத்தில் பதிந்திருக்கும். அவற்றை மேசைமேல் சிறிதாகக் கட்டி, பக்கத்தில் ஒரு சரக்கு ரயிலை ஓட்டிப் பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கட்டிடத்தை நன்றாகவே கட்டிவிட்டு, அழுக்கும் துருவும் கறையும் தீட்டிப் பழமை ஏற்றும் கட்டத்தில் அதைக் கெடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் கெடுத்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒன்றுதான்: இந்த அழுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளாமலே தூரிகையைக் கையில் எடுப்பது.

ஆண்டைத் தீர்மானிக்காமல் தொடங்குவது முதல் தவறு. கோவையில் ஸ்டேன்ஸ் மில் என்று மக்கள் சொல்லும் நூற்பு நெசவு ஆலை 1888இல் தொடங்கப்பட்டது; நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தை எடுத்துக்கொண்டு, நீராவியில் ஓடும் ஆலை ஒன்றைக் கட்டுகிறவர் கொதிகலன் அறை, உயரமான புகைபோக்கி, நிலக்கரிக் குவியல், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும்; புகைபோக்கியின் வாய்ப்பகுதியும் அதற்கு அண்டையிலுள்ள கூரையும் கரி படிந்திருக்க வேண்டும். பைக்காரா மின்சாரத்தை நம்பி முப்பதுகளில் எழுந்த ஆலையைக் கட்டுகிறவருக்கு அந்தக் கரிக்கு வேலையே இல்லை. அவருக்கு வேண்டியவை மின்கம்பிகளும் மின்மாற்றி அறையும்தான். இரண்டையும் கலந்து, மின்மாற்றி வைத்த புத்தம்புது ஆலையின் சுவர் முழுவதும் புகை பூசினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும்.

அளவுவிகிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எச்.ஓ. என்னும் 1:87 விகிதத்தில், அதாவது உண்மையில் 87 மி.மீ. இருப்பது மாதிரியில் ஒரு மி.மீ. ஆகும் அளவில், நம் அகலப்பாதையின் 1676 மி.மீ. அகலம் 19.3 மி.மீ. ஆக வேண்டும், கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. தான். பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் கட்டிடத்தின் அளவைத் தண்டவாளத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. வேகனையும் மனிதப் பொம்மையையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஐந்தரை அடி ஆள் இந்த விகிதத்தில் 19 மி.மீ. உயரம், ஏழடிக் கதவு இருபத்து நான்கரை மி.மீ. இடம் போதவில்லை என்று முழுக் கட்டிடத்தையும் ஒரே சீராகச் சுருக்குகிறவர்கள் கதவையும் செங்கல்லையும் சேர்த்தே சுருக்கிவிடுகிறார்கள். நூறு மீட்டர் நீள ஆலை 115 செ.மீ. வருகிறதென்றால், ரம்பப் பல்லைப்போல எழும் பன்னிரண்டு கூரை மடிப்புகளை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். மடிப்பின் உயரத்தையும் சன்னலின் அளவையும் தொடக் கூடாது.

கூரைக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் மேசைமேல் வைத்த கட்டிடத்தில் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது கூரைதான். என் முதல் ஆலையின் கூரைக்கு அலையலையான பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, சாம்பல் நிறம் அடித்து, அதன்மேல் மூன்று மாலை நேரங்கள் செலவழித்துத் துரு வழிந்த கோடுகளைத் தீட்டியிருந்தேன். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது தகரமா, சிமெண்ட் அட்டையா?" என்று கேட்டார். சிமெண்ட் அட்டை என்றேன். "சிமெண்ட் அட்டை எங்காச்சும் துருப் புடிக்குமா?" என்றார். அன்றே அந்தக் கூரையைப் பிய்த்தெடுத்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் அட்டை நம் பகுதிக்கு மிகவும் பழகிய பொருள். போத்தனூரிலேயே அதைச் செய்யும் ஆலை உண்டு. புதிதில் வெளிர்சாம்பலாக இருக்கும் அட்டை, மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்டுப் பாசி காய்ந்து, அலையின் பள்ளங்களில் முதலில் கறுக்கும். அதில் துரு தெரியக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: அட்டையைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி ஆணியின் தலையும், அதற்குக் கீழே ஓரிரு அடிக்கு இறங்கும் மெல்லிய பழுப்புக் கோடும். தகரக் கூரை வேறு மாதிரி. துத்தநாகப் பூச்சு தேய்ந்த இடத்தில்தான், அதாவது ஒரு தகடு மற்றொன்றின்மேல் ஏறும் விளிம்பிலும் தண்ணீர் தேங்கும் தாழ்வாரத்திலும்தான் துரு தொடங்குகிறது. கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் நம் ஊர்களில் ஒரு தகரம் முழுதும் சிவந்துபோக நெடுங்காலம் ஆகும். சீமை ஓடு துருப்பிடிப்பதில்லை, கறுக்கிறது. உடைந்த ஓட்டுக்குப் பதிலாக மாற்றிய நாலைந்து புது ஓடுகள் மட்டும் பளிச்சென்று சிவந்து நிற்கும். அந்த நாலைந்து ஓடுகளைத் தீட்டிப் பாருங்கள், கூரை முழுவதும் உயிர் பெற்றுவிடும். அலையின் அகலமும் ஒன்றல்ல: தகரத்தின் அலை மூன்று அங்குலம், சிமெண்ட் அட்டையின் அலை ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. ஒரே தகட்டை வாங்கி இரண்டுக்கும் ஒட்டுவது பரவலாகக் காணும் பிழை.

ரம்பப் பல்லைப்போல மடிந்து எழும் ஆலைக் கூரையில் கண்ணாடிப் பக்கம் வடக்கு நோக்கியே இருக்கும். நேர்வெயில் உள்ளே விழாமல், நாள் முழுதும் சீரான வெளிச்சம் கிடைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பார்வையாளருக்கு அழகாகத் தெரியட்டும் என்று கண்ணாடியைத் தம் பக்கம் திருப்பிவைக்கிறவர்கள், முதலில் தம் அமைப்பில் வடக்கு எது என்று பலகையின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வடக்கைக் குறித்துவிட்டால் காற்றும் மழையும் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வீசும் மேல்காற்று மேற்குச் சுவரில் புழுதியை அறைகிறது. கோவைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை சுமார் 600 முதல் 700 மி.மீ. தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்வது. இங்கிலாந்து ஆலைகளின் மாதிரிகளைப் படத்தில் பார்த்து, சுவரின் அடியெல்லாம் ஈரப்பச்சை பூசுவது வால்பாறைக்கு ஒருவேளை பொருந்தலாம், பல்லடத்துக்குப் பொருந்தாது. நம் சுவரின் அடியில் இருப்பது மழைத்துளி மண்ணில் விழுந்து தெறித்த செம்மண் கறை. அது தரையிலிருந்து ஒன்றரை இரண்டடி உயரம்வரை ஏறும். 1:87இல் ஐந்து முதல் ஏழு மி.மீ. கீழே அடர்ந்தும் மேலே போகப்போகப் புள்ளி புள்ளியாகக் கலைந்தும் இருக்க வேண்டுமே தவிர, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் முடியக் கூடாது.

இதற்கு ஊர் மண்ணையே எடுப்பது எனக்குப் பிடித்த வழி. ஆனால் வயலிலிருந்து அள்ளியதை அப்படியே தூவினால், ஒவ்வொரு மணலும் அந்த விகிதத்தில் கூழாங்கல்லாகத் தெரியும். நன்றாகக் காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, கீழே விழும் மாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காகிதத்தில் பரப்பி, ஒரு காந்தத்தை மெல்லிய பாலித்தீன் உறையில் இட்டு அதன்மேல் இரண்டு மூன்று முறை நகர்த்துங்கள். செம்மண்ணில் கலந்திருக்கும் கருநிற இரும்புத்துகள்கள் உறையில் மீசை மீசையாக ஒட்டிக்கொள்வதைக் காணலாம். இதைச் செய்யாமல் விட்டால், அந்தத் துகள்கள் என்றாவது ஒருநாள் எஞ்சினின் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மண்ணை ஒட்டவைக்கப் பூசும் பசைநீர் பட்ட மண் காய்ந்த பிறகும் முன்னிருந்ததைவிட அடர்ந்த நிறமாகவே தெரியும் என்பதால், வெளிறிய மண்ணாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே பழுப்புக் கரைசலைப் பூசுவதும் தவறுதான். மதுக்கரையைப்போல் சிமெண்ட் ஆலை உள்ள இடத்தில் வெளிர்சாம்பல் தூசி சன்னல் திட்டு, குழாயின் முதுகு, மரத்தின் இலை என்று கிடைமட்டமான பரப்புகளில்தான் படியும். செங்குத்துச் சுவர் அதைவிடச் சுத்தமாக இருக்கும். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் கிடங்கில் கம்பிவலைச் சன்னல்களிலும் ஒட்டடையிலும் பஞ்சுத்துகள் வெள்ளையாகத் தொங்கும். அதற்கு உண்மையான பஞ்சை ஒட்டினால் இழை நீண்டு கயிறாகத் தெரியும், வெளிர்நிறச் சுண்ணக்கோல் தூளை வலையில் ஒற்றினாலே போதும். நீராவி எஞ்சின் ஷெட்டில் கரி உள்கூரையிலும் வாசலின் மேல்விளிம்பிலும் தடித்திருக்கும்.

செய்முறையில் இரண்டு எச்சரிக்கைகள். தூள் பூசிய பிறகு மேற்பூச்சு வார்னிஷைத் தாராளமாக அடித்தால், பூசிய தூளில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். ஆகவே தூளைச் சற்று மிகையாகவே பூசி, வார்னிஷைத் தூரத்திலிருந்து மெல்லியதாக அடிக்க வேண்டும். நிறத்தை எப்போதும் அமைப்பு இருக்கும் அறையின் விளக்கொளியிலேயே பார்க்க வேண்டும், வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் சரியாக இருந்த செம்மண் மஞ்சள் விளக்கின் கீழ் செங்காவியாகிவிடும்.

கடைசியாக, சுவரில் எழுதும் பெயர். கணினியில் எழுத்துரு எடுத்து 'பஞ்சாலை' என்று அச்சிட்டு ஒட்டிவிடுகிறோம். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய பலகையில் அந்த 'லை' இப்போதைய இரட்டைச்சுழியோடு இராது. யானைத் துதிக்கைபோல வளைந்த கொம்பு எழுத்தின் தலையில் ஏறியிருக்கும். நாற்பதுகளின் ஆலை என்று சொல்லிக்கொள்ளும் மாதிரியில் அந்த ஓர் எழுத்தை மட்டுமாவது கூர்முனைத் தூரிகையால் கையால் எழுதுங்கள். எழுதி முடித்ததும், மேல்காற்று அடிக்கும் பக்கம் என்றால் அதைச் சற்றே மங்கவிடுங்கள்.