வட அயர்லாந்துக்குத் தனி உரிமைச் சாசனம் தேவையா? நீங்களே எடைபோட ஒரு வழி

முதலில், வட அயர்லாந்தின் நீண்ட சண்டையை முடிக்க வந்த சமாதான ஒப்பந்தமான 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையில் உரிமைகள் பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு மேலாக, அந்த மண்ணின் தனிச் சூழலுக்கு ஏற்ற கூடுதல் உரிமைகள் எவை என்று புதிய மனித உரிமை ஆணையம் ஆலோசனை சொல்ல வேண்டும் என்கிறது அது. சாசனம் வந்தே தீரும் என்று எங்கும் சொல்லவில்லை. பாதிச் சண்டை இங்கேதான்.

அப்புறம், ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் 1998 மனித உரிமைச் சட்டம் அங்கேயும் செல்லும், வட அயர்லாந்துச் சட்டசபை ஐரோப்பிய உடன்படிக்கையை மீறி இயற்றும் சட்டம் செல்லாது. ஆனால் லண்டன் நாடாளுமன்றம் நினைத்தால் அந்த மனித உரிமைச் சட்டத்தையே மாற்றிவிடலாம்.

சரி, இனிதான் முக்கியமான வேலை: முன்வைக்கப்படும் ஒவ்வொரு உரிமையையும் எடுத்து, இது அங்குள்ள பிளவோடு, அதாவது பிரிட்டனோடு இருக்க விரும்பும் (பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்) தரப்புக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பும் (பெரும்பாலும் கத்தோலிக்க) தரப்புக்கும் உள்ள பிளவோடு தொடர்புடையதா என்று கேளுங்கள். மொழி, அடையாளம் என்றால் பதில் சுலபம். வீடு, மருத்துவம், வாழ்க்கைத்தரம்? 2008 டிசம்பரில் ஆணையம் இவற்றையும் சேர்த்துத்தான் ஆலோசனை கொடுத்தது. இதெல்லாம் நாடு முழுவதற்கும் பொதுவான விஷயம் என்று பிரிட்டிஷ் அரசு தள்ளிவைத்தது. எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை, ஏனென்றால் 1968இல் காலிடன் ஊரில் அரசு வீட்டு ஒதுக்கீட்டில் கத்தோலிக்கர்களுக்கு அநீதி என்று எழுந்த போராட்டம்தான் அங்கே சிவில் உரிமை இயக்கத்தையே தெருவுக்கு இழுத்தது.

கடைசியாக, யார் ஒப்புக்கொள்ளவில்லை என்று பாருங்கள். 2020இல் சட்டசபை அமைத்த சிறப்புக் குழு 2022இல் அறிக்கை தந்தது, ஆனால் பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஜனநாயக ஒன்றியக் கட்சி (DUP) உடன்படவில்லை. சாசனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள் கைக்கு இவ்வளவு அதிகாரம் போகலாமா என்பதும் நியாயமான கேள்வியே. ஒரு தரப்பு மட்டும் கையெழுத்திட்ட சாசனத்தை மறுதரப்பு எதிராளியின் கொடியாகவே பார்க்கும், அதனால் உங்கள் பட்டியலில் இரு தரப்பும் ஏற்கக்கூடியவை எவை என்று தனியாகக் குறித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.